கல்லடியில் எனக்கு நாலு பாலம் தெரிந்தது

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அங்கே உண்மையாகவே இரண்டு பாலம் பக்கம் பக்கமாக நிற்கிறது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஒன்று, 2013இல் திறந்த புதுப் பாலம் ஒன்று. போன வருஷம் ஆவணி மாதம் ஒரு காலை ஆரையம்பதியில் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறேன், பாலத்தடிக்கு வந்ததும் ஜன்னலால் பார்த்தால் நாலு பாலம். சிரிப்பு வந்தது, உடனேயே வயிற்றைப் பிசைந்தது. பக்கத்து சீட்டில் தெரிந்த பெண்தான் இருந்தாள், அவளிடம்கூட வாய் திறக்கவில்லை. கண்ணைக் காதுப் பக்கம் திருப்புகிற நரம்பு வேலை செய்யாமல் போய் வந்த இரட்டைப் பார்வை அது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருவரிடமும் ஒழுங்காகச் சொல்லாமல் 26 நாள் நானாகவே வைத்தியம் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அதில் போன காசையும் பட்ட பாட்டையும்தான் எழுதப் போகிறேன். அப்போது யாராவது இதை எனக்குச் சொல்லித் தந்திருந்தால் 62,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எனக்கு வயது 51. தையல்தான் தொழில், வீட்டு முன் விறாந்தையில் மெஷினைப் போட்டுக்கொண்டு 20 வருஷத்துக்கு மேலாகப் பிளவுஸ் தைக்கிறேன். வீட்டுக்காரர் கட்டாரில், மகள் பேராதனைக் கம்பஸில். வீட்டில் நானும் ஏழெட்டுக் கோழியும்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் வந்து இரண்டு நாள் இடது கண்ணுக்குப் பின்னாலும் புருவத்துக்கு மேலும் ஒரு இழுவை வலி இருந்தது. வெயிலுக்குள் நின்றதால் பீனிசம் கிளம்பிவிட்டது என்று நினைத்து சித்தாலேப பூசிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் விடிய எழும்பி முற்றம் கூட்டப் போனால் படலை இரண்டு. ரோட்டில் போன பஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பஸ் ஒட்டிக்கொண்டு போகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இல்லை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. கண்ணைக் கசக்கினேன், முகம் கழுவினேன், போகவில்லை. வலி என்னவோ ஒரு கிழமையில் தானாகவே போய்விட்டது, இரட்டைதான் நின்றது.

என்னை ஏமாற்றியது ஊசிதான். கண்ணில் ஏதோ பிழை என்று பயந்துபோய் மெஷினுக்கு முன்னால் இருந்து நூல் கோர்த்துப் பார்த்தேன், முதல் தரமே கோர்த்துவிட்டது. ஊசிக் காது ஒன்றுதான், நூலும் ஒன்றுதான். நாற்பதுக்கு மேல் தையல்காரிகளுக்கு ஊசிக் காதுதான் கண் பரிசோதனை, அதில் பாஸ் என்றால் கண் நல்லது என்றுதான் நாங்கள் எடுப்போம். தூரத்தில் இருப்பதுதான் இரண்டு, அதுவும் இடப்பக்கம் பார்க்கப் பார்க்க இரண்டும் விலகிக்கொண்டே போகும், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒன்றாகிவிடும். இந்த வருத்தத்தின் குணமே அதுதானாம், கிட்டப் பார்வையில் குறைவு, தூரத்தில் கூட. எனக்கு அது தெரியாது. தூரப் பார்வை மங்குகிறது, கண்ணாடி மாற்றினால் சரி என்று முடிவு கட்டினேன்.

நாலு பாலத்தைப் பார்த்துக்கொண்டு போனதும் கண்ணாடிக்கடைக்குத்தான். கடையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கவனித்தது. வலது கண்ணை மூடி வாசிக்கச் சொன்னது, வாசித்தேன். இடது கண்ணை மூடி வாசிக்கச் சொன்னது, அதையும் வாசித்தேன். "தூரத்தில இரண்டு இரண்டாத் தெரியுது மகள்" என்று இரண்டு தரம் சொன்னேன். "அது வெள்ளெழுத்து கூடினா அப்பிடித்தான் அன்ரி, கிட்டவும் தூரமும் சேர்ந்த கண்ணாடி போட்டாச் சரியாகும்" என்றது. 28,500 ரூபாய், பாதிக் காசு முற்பணம், ஐந்து நாளில் வரும். வந்தது. போட்டுக்கொண்டு கடை வாசலில் இறங்கினேன், ரோட்டில் இரண்டிரண்டு ஓட்டோ, முன்னைவிடத் தெளிவாக. இப்போது யோசித்தால் புரிகிறது, ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்து வாசிக்க மட்டும் வைத்தால் இந்த நோய் பிடிபடவே பிடிபடாது. இரண்டு கண்ணும் தனித்தனியே நல்லாகத்தான் பார்க்கும், சேர்ந்து பார்க்கும்போதுதான் கோளாறு.

அதனால் முதலாவதாக இதைச் சொல்லிவிடுகிறேன், காசு கேட்காத சோதனை. இரண்டாகத் தெரிகிறது என்றால் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்துங்கள், பிறகு மற்றக் கண்ணைப் பொத்துங்கள். எதைப் பொத்தினாலும் இரண்டாவது உருவம் மறைந்துவிடுகிறதா? அப்படியென்றால் இரண்டு கண்ணும் ஒரே திசைக்குத் திரும்பவில்லை, கண்ணைத் திருப்பும் தசையிலோ அதற்கு வரும் நரம்பிலோ அதற்கும் பின்னாலோ பிரச்சினை. கண்ணாடிக்கடைக்குப் போகவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி, அதுவும் அன்றைக்கே. ஒரு கண்ணைப் பொத்தியும் மற்றக் கண்ணில் இரட்டை நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே உள்ள காரியம், வெண்படலமோ கண்ணாடி நம்பரோ. அதற்கும் கண் டொக்டர்தான், ஆனால் இவ்வளவு அவசரமில்லை. 20 செக்கன் வேலை. எனக்கு இது தெரிய 26 நாள் எடுத்தது.

ஆவணி எங்களுக்குக் கல்யாண மாதம். பிளவுஸ் ஓடர் குவிந்து கிடந்தது. மெஷினில் தைக்கலாம், வெட்டுவதுதான் கஷ்டம், மேசையில் துணியை விரித்தால் இடப்பக்கத் தொங்கலில் சோக் கோடு இரண்டாகும். இரண்டில் எது உண்மை என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கத்தரி வைப்பேன். ஒரு நாள் இரவு அவசரத்தில் தொட்டுப் பார்க்காமல் வெட்டினேன். கூறைச்சேலையோடு வந்த பிளவுஸ் துண்டு, கைக்குழி வளைவில் முக்கால் அங்குலம் உள்ளே போய்விட்டது. ஒட்டுப் போட்டு மறைக்கிற இடமில்லை. கல்யாணப் பொம்பிளையின் தாய் ஏசக்கூட இல்லை, துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அது ஏச்சைவிட மோசம். அதே நிறத்தில் துணி தேடி வாங்கிக் கொடுக்க 6,500 ரூபாய். அதற்குப் பிறகு புது ஓடர் எடுக்கவில்லை, கையில் இருந்ததையும் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். நோவு என்று சொன்னேன், என்ன நோவு என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வெட்கம். கண்ணாடியில் பார்க்கும்போது இடது கண் கொஞ்சம் மூக்குப் பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்டேன். எங்கள் ஊரில் வாக்குக்கண் என்றால் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துவிடும். இரட்டை தெரியாமல் இருக்க நான் அறியாமலே முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை வலப்பக்கம் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டேன். அப்படி நின்றால் ஒன்றாகத் தெரியும். ஆனால் எதிரில் வருகிறவர்களுக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மாதிரி. பக்கத்து வளவு மாமி சந்தையில் வைத்தே கேட்டுவிட்டார், "என்னடி புள்ள, கண்டும் காணாத மாதிரிப் போறாய், நான் என்ன செஞ்சன் உனக்கு?" மகள் வீடியோ கோல் எடுத்தால் போனை வலப்பக்கமாகத் தூக்கிப் பிடிப்பேன். அவளுக்குச் சோதனை நடக்கிற நேரம், வீட்டுக்காரருக்குக் கட்டாரில் டியூட்டி, இவர்களைப் பயப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் மட்டும் நிம்மதி, இருட்டு ஒன்றுதானே.

மாமிக்கு மட்டும் கடைசியில் பாதி விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஒரு பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். பாரிசவாதத்தின் தொடக்கம், கண்ணில் பிடித்திருக்கிறது என்றார் அவர். மூக்குக்கு நசியம், தலைக்கு எண்ணெய், கண்ணுக்கு விட ஒரு பச்சிலைச் சாறு, தண்ணியும் ஓதித் தந்தார். எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். ஓதின தண்ணியில் எனக்குக் குறையொன்றுமில்லை, மனதுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, எங்கள் பக்கத்தில் தண்ணி ஓதாத வீடு எது. ஆனால் அந்தச் சாற்றைக் கண்ணுக்கு விட்டதில் இரண்டு நாள் கண் சிவந்து பீளை தள்ளியது. பின்னர் டொக்டர் சொன்னார், கண் நன்றாகத்தான் இருந்தது, பிழை கண்ணுக்குப் பின்னால் நரம்பில், அதற்கு நல்ல கண்ணுக்குள் சாறு விட்டு விழியில் கிருமி பிடித்திருந்தால் பார்வையே போயிருக்கும் என்று. அதற்கு நான் பதில் பேசவில்லை, என்ன பேச.

26ஆம் நாள் லைனிங் துணி எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மிதிபலகை இரண்டு தெரிந்தது, இல்லாததில் காலை வைத்துவிட்டேன். முழங்கால் சிராய்ந்து சேலை கிழிந்தது, அதைவிட நடு ரோட்டில் விழுந்த மானக்கேடு. நான் வழமையாகத் துணி எடுக்கிற கடை முதலாளி நானா ஓடி வந்து தூக்கிக் கடைக்குள் இருத்திப் பிளேன்டீ தந்தார், நல்ல சீனி போட்டு. என்ன நடந்தது என்று கேட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று கோப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தங்கச்சி, எங்கட வாப்பாக்கும் இப்பிடி ஒரு கண் திரும்பாம நிண்டது. சீனிட வேலையெண்டுதான் சொன்னாங்க. நீங்க சீனி பாத்த?" நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவரே ஓட்டோ பிடித்து ஏற்றி விட்டார், ஓட்டோக் காசையும் என்னைக் கொடுக்க விடவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓபிடியில் இருந்தது மகள் வயதுப் பிள்ளை. பேனாவை மூக்குக்கு நேரே பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். வலப்பக்கம் கொண்டு போனார், இரண்டு கண்ணும் போயின. இடப்பக்கம் கொண்டு போனார், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்தேன், "அம்மா, உங்கட இடது கண் நடுவிலயே நிக்குது" என்றார். போனில் படம் எடுத்துக் காட்டினார். வலது கண் மூக்கோரம் வரை வந்திருக்கிறது, இடது கண் நேரே முழித்துக்கொண்டு நிற்கிறது, காதுப் பக்க ஓரத்தில் வெள்ளை அப்படியே மிச்சம். என் கண்ணை நானே அன்றைக்குத்தான் முதலில் முழுதாகப் பார்த்தேன். விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தார்கள், 312. நானாவின் பிளேன்டீயும் கொஞ்சம் கூட்டியிருக்கும், ஆனால் மூன்று மாதச் சீனி, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற இரத்தச் சோதனை, பார்த்தபோது அதுவும் 10.4. பிரஷர் 160க்கு 100. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்த உடம்பு.

அடுத்த நாள் கண் கிளினிக்கில் விளக்கமாகச் சொன்னார்கள். மூளையிலிருந்து நேரே புறப்படுகிற நரம்பு 12 சோடி இருக்கிறதாம், மகள் விஷயம் தெரிய வந்த பிறகு போனில் "மண்டையோட்டு நரம்புகள் அம்மா, நாங்க ஏ எல்லுக்குப் படிச்சது" என்றாள். அதில் ஆறாவது சோடிக்கு ஒரே ஒரு வேலை, கண்ணைக் காதுப் பக்கம் இழுக்கிற ஒரு தசையை இயக்குவது. அது வேலை செய்யாவிட்டால் மூக்குப் பக்கம் இழுக்கிற தசை எதிர்ப்பில்லாமல் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். கயிறிழுப்பில் ஒரு பக்கத்தார் கையை விட்டமாதிரி. சீனியும் பிரஷரும் பல வருஷம் இருந்தால் நரம்புக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சின்ன இரத்தக் குழாய் அடைபடும், நரம்பு களைத்துவிடும். அப்படி வந்ததென்றால் பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாகவே திரும்பிவிடும் என்றார்கள். தானாகவே என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு லேசானது, அப்புறம் உடனேயே கண்ணாடிக் காசு ஞாபகம் வந்தது.

ஆனால் சீனி இருக்கிறது, ஆகவே இது சீனியால்தான் என்று அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. அந்த நரம்பு மூளைத் தண்டிலிருந்து கிளம்பி மண்டையோட்டின் அடி எலும்பில் நீளத்துக்கு ஏறிப் போய்த்தான் கண்குழிக்கு வருகிறதாம். அதனால் தலைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் முதலில் இழுபடக்கூடியது இதுதான். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பின் பக்கத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கேள்விகள் கேட்டார்கள், எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் "இல்லை" சொல்லும்போது எனக்கு ஒரு மூச்சு வந்தது. விடியப்புறத்தில் தலையிடியும் சத்தியும் வருகிறதா, காதில் சீழ் வந்ததா, காய்ச்சல், தலையில் அடிபட்டதா, பின்னேரமானால் இமை தொங்குகிறதா, உடம்பு மெலிகிறதா. இன்னொன்று, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை வாரினால் நெற்றிப்பொட்டில் நோகிறதா. 50 வயது தாண்டியவர்களுக்கு அந்த நெற்றிப்பொட்டு நாடி வீங்குகிற ஒரு வருத்தம் இருக்கிறது, கவனிக்காவிட்டால் கண் பார்வையே போகுமாம், அதற்காக இரத்தமும் எடுத்தார்கள். எம்ஆர்ஐ ஸ்கான் இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்தில் மாற்றம் இல்லாவிட்டாலோ புதிதாக ஏதாவது வந்தாலோ எடுப்போம் என்றார் டொக்டர். சில டொக்டர்மார் தொடக்கத்திலேயே எடுக்கச் சொல்வார்கள், அது அவரவர் பார்த்து முடிவெடுப்பது.

இங்கேதான் நான் மீண்டும் ஒரு பிழை விட்டேன். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்தேன், மண்டைக்குள் ஏதும் வளர்ந்து கிடந்தால்? விடிந்ததும் கல்முனைப் பஸ் ஏறிப் போய், டொக்டர் துண்டு இல்லாமலே ஒரு தனியார் இடத்தில் கெஞ்சி சிடி ஸ்கான் எடுத்தேன், 18,000 ரூபாய். ஒன்றும் இல்லை என்று வந்தது. சந்தோஷமாகக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் டொக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த நரம்பு போகிற பாதையை எம்ஆர்ஐ காட்டுகிற அளவு சிடி காட்டாது, இதை வைத்து ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். பயத்துக்குக் கொடுத்த காசு அது. ஸ்கான் எடுப்பதென்றால் எந்த ஸ்கான், எந்த இடத்தைப் பார்க்க என்று டொக்டரிடம் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள், நீங்களாகப் போய் எடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். என் கதையை வாசித்துவிட்டு, இது தானாகவே மாறும் என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. சீனி பிரஷர் ஒன்றும் இல்லாத இளம் வயதுக்காரர்களுக்கு வந்தால் காரணம் வேறாக இருக்கலாம், தேடித்தான் ஆக வேண்டும். இரட்டையோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் சோர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, இமை விழுந்தாலோ, தலையிடியும் சத்தியும் சேர்ந்தாலோ மணித்தியாலக் கணக்குத்தான், நாள் கணக்கில்லை. சின்னப் பிள்ளை ஒரு கண்ணை உள்ளே விட்டுப் பார்த்தாலோ, டிவி பார்க்கும்போது எப்போதும் ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்தாலோ உடனே காட்டுங்கள். பிள்ளைகள் இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாதவை, அவற்றின் மூளை ஒரு கண் காட்டுவதைத் தள்ளி வைத்துவிடும், கொஞ்ச நாளில் அந்தக் கண் பார்வை மங்கிவிடும். வளர வளரச் சரியாகும் என்று கிழவிகள் சொல்வார்கள், நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ.

சரி, காத்திருக்கிற காலத்தில் என்ன செய்வது? முதலில் கறுப்பு லைனிங் துணியில் இலாஸ்டிக் வைத்துக் கண் மூடி ஒன்று தைத்தேன், இரட்டை போனது. ஆனால் ஒரு கண்ணோடு இருந்தால் கிட்டம் தூரம் மட்டுக்கட்ட முடியாது, தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவேன், படி இறங்கினால் காலால் தேட வேண்டும். கோப்பையின் விளிம்பில் கேத்தல் மூக்கைத் தொட வைத்து ஊற்றினால் சிந்தாது, அதை நானே கண்டுபிடித்தேன். கிளினிக்கில் இருந்த தாதி மிஸ்ஸி நல்ல யோசனை சொன்னார், கண் மூடிக்குப் பதிலாகக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளைக் காகிதப் பிளாஸ்ரரை ஒட்டுங்கள், வெளிச்சம் வரும், வியர்க்காது, பார்க்கிறவர்களுக்கும் அவ்வளவு தெரியாது. அப்படித்தான் அந்த 28,500 ரூபாய்க் கண்ணாடி கடைசியில் உதவியது, இடது பக்கத்தில் 100 ரூபாய்ப் பிளாஸ்ரரோடு. மூடுவதால் நரம்பு கெதியாகச் சுகமாகாது, இரட்டை இல்லாமல் வேலை செய்யலாம், அவ்வளவுதான். கண்ணாடியில் ஒட்டுகிற பிரிசம் என்ற ஒன்றும் இருக்கிறது, உருவத்தை நகர்த்தி ஒன்றாக்கித் தருமாம், எனக்கு அது தேவைப்படவில்லை. சத்திர சிகிச்சை என்று பயப்படாதீர்கள், ஆறு மாதமளவில் பார்த்து, திரும்பாமல் ஒரே அளவில் நின்றால்தான் அந்தக் கதை. மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் இரட்டை போகும் வரை தொடவே கூடாது. பாமசியில் நரம்புக்கு என்று விற்ற விற்றமின் குளிசையைப் பற்றிக் கேட்டேன், குறைபாடு இருந்தால்தான் பிரயோசனம், உங்களுக்கு வேண்டாம் என்றார் டொக்டர். மருந்து என்று தந்தது சீனிக்கும் பிரஷருக்கும்தான். அதோடு சோற்றுக் கோப்பையைச் சின்னதாக்கச் சொன்னார்கள், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், மட்டக்களப்புக்காரிக்குச் சோற்றைக் குறை என்றால் உயிரில் பாதியைக் குறை என்ற மாதிரி.

ஆறு கிழமை ஒன்றும் மாறவில்லை. டொக்டர் சொன்னது பொய்யோ என்று வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, தையல்காரிக்கு அளவெடுக்காமல் நிம்மதி வருமா? மெஷின் ஸ்டூலை நிலத்தில் கோடு போட்ட இடத்தில் வைத்து, தலையைச் சுவரில் முட்டக் கொடுத்து அசையாமல் இருந்துகொண்டு, எதிர்ச் சுவரில் நடுவிலிருந்து இடப்பக்கமாகக் கண்ணை மெல்ல மெல்லக் கொண்டு போவேன். முன்பே அங்குலத்துக்கு ஒன்றாக நீலச் சோக்கால் கோடு போட்டு வைத்திருந்தேன். எந்தக் கோடு இரண்டாகிறதோ அதைக் கொப்பியில் எழுதுவேன், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. தொடக்கத்தில் நடுக்கோட்டுக்கே வலப்பக்கம்தான் ஒன்றாகத் தெரிந்தது. எட்டாம் கிழமை நடுவுக்கு வந்தது. ஒன்பதாம் கிழமை நடுவைத் தாண்டி 4 அங்குலம். பத்தாம் கிழமை 9. அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன், டொக்டர் சிரித்துக்கொண்டே மாணவ டொக்டர்மாருக்கும் காட்டினார். நாளுக்கு நாள் பார்த்தால் மாற்றம் தெரியாது, மனம் விட்டுப்போகும், கிழமைக்கு ஒரு தரம் அளந்தால் தெரியும்.

மகளுக்குத் தெரிய வந்தது அந்த எட்டாம் கிழமை மட்டில். போனைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டேன். "அம்மா, ஏன் முகத்தத் திருப்பிக்கொண்டு கதைக்கிறீங்க, யாரும் பக்கத்தில நிக்கிறாங்களா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சோதினை முடிஞ்சு ஒரு மாசம் நான் சும்மாதானே இஞ்ச ஹொஸ்டல்ல கிடந்தன்" என்றாள். அதற்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. அந்தக் கிழமையே வந்து நின்று, என் சோற்றை அவள்தான் அளந்து போட்டாள்.

கார்த்திகை மாதம், மழை பிடித்து வாவி நிரம்பி நின்ற நேரம், சுவர் முழுதும் ஒரு கோடும் இரண்டாகவில்லை. ஏறக்குறைய நாலு மாதம். மிகவும் களைத்தால் இடது ஓரக்கடைசியில் இப்போதும் ஒரு நிழல் மாதிரி வரும், அதையும் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று மாதச் சீனி 7.1க்கு இறங்கியிருக்கிறது. கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், கண்ணாடி 28,500, பிளவுஸ் துண்டு 6,500, பரியாரி 9,000, சிடி 18,000, திருப்பிக் கொடுத்த ஓடர்களை இதில் சேர்க்கவில்லை. என்னைச் சுகமாக்கிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது பஸ் காசு மட்டும். அந்த நானாவுக்கு ஒரு சறம் வாங்கிக் கொடுக்கப் போனேன், சறம் விற்கிறவருக்கே சறமா என்று சிரித்துவிட்டு வாங்கவே இல்லை.

போன கிழமை பக்கத்து வளவு மாமி விறாந்தைக்கு வந்து, "புள்ள, எனக்கும் உன்னட வருத்தம் வந்திட்டு, நிலா ரெண்டாத் தெரியுது" என்றார். கண்ணாடிக்கடைக்கென்று முடிச்சில் காசும் கொண்டுவந்திருந்தார். என் கையால் அவர் வலது கண்ணைப் பொத்தினேன். "இப்ப எத்தின?" "ரெண்டு." இடது கண்ணைப் பொத்தினேன். "இப்ப?" "ஒண்டு." இடது கண் தனியே பார்த்தும் இரண்டு என்றால் என் வருத்தம் இல்லை அது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இடது கண்ணில் வெண்படலம், தையில் சத்திர சிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்காமலே திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.